கஞ்சன்ஜங்காவைக் காரில் சென்று காண முடியுமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் பெற்றோருக்குக் கஞ்சன்ஜங்கா சிகரத்தை ஒருமுறையாவது காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்களால் மலையேற முடியாது. காரிலேயே சென்று பார்க்க முடியுமா? டார்ஜிலிங் போதுமா, சிக்கிமுக்குள் செல்ல வேண்டுமா?
– வாசகி, தென்காசி

பதில்: தாராளமாக முடியும். நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் இடைப்பட்ட எல்லையில் 8,586 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தச் சிகரத்தை, தங்கும் அறையின் சன்னலிலிருந்தே பார்க்கக்கூடிய ஊர்கள் உள்ளன. டார்ஜிலிங்கை அடுத்த டைகர் ஹில் பெயர்பெற்ற இடம்தான். ஆனால் அங்கிருந்து சிகரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; விடியலுக்கு வெகு முன்பே கிளம்பி, வாகன நெரிசலைக் கடந்து, குளிரில் கூட்டத்தோடு நிற்கவும் வேண்டும். மேற்கு சிக்கிமிலுள்ள பெல்லிங்கிலிருந்து அத்தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். முதியவர்களோடு செல்லும் உங்களுக்கு நான் பெல்லிங்கையே பரிந்துரைப்பேன். அவ்வூர் கிட்டத்தட்ட நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருப்பதால், உயரத்தால் வரும் தலைவலியும் மூச்சுத்திணறலும் பொதுவாக அங்கே ஏற்படுவதில்லை. வடக்கு சிக்கிமின் குருடோங்மார் ஏரியையும் பயணத்தில் சேர்க்கச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். 5,100 மீட்டருக்கும் மேலே உள்ள அந்த இடத்துக்கு உங்கள் பெற்றோரை அழைத்துச் செல்ல வேண்டாம்.

ஊரைவிட முக்கியமானது பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை மேகங்கள் மலையை மூடிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் சமவெளியிலிருந்து எழும் தூசும் புகையும் காற்றில் கலந்து, வானம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும் நாளிலும் சிகரத்தை மங்கச் செய்துவிடும். மழை அந்தத் தூசைக் கழுவி ஓய்ந்த பிறகு, அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான வாரங்களே மிகவும் ஏற்றவை. அந்த நாட்களிலும் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவுகளில் மேலெழுந்து மேகமாகத் திரண்டுவிடுவதால், விடியல் முதல் காலை எட்டு, ஒன்பது மணி வரைதான் காட்சியை நம்பலாம். ஆகவே ஒவ்வோர் இரவும் ஓர் ஊர் என்று இழுத்துச் செல்லும் சுற்றுலாத் திட்டங்களைத் தவிர்த்து, பெல்லிங்கிலேயே மூன்று இரவுகள் தங்குங்கள். ஒரு காலை மேகத்தில் போனாலும் இன்னும் இரண்டு காலைகள் மீதமிருக்கும். பகல் பொழுதுக்குப் பெமயாங்சே மடாலயமும், சிக்கிமின் பழைய தலைநகரான ரப்தென்சேயின் இடிபாடுகளும் அருகிலேயே உள்ளன.

பாக்டோக்ரா விமான நிலையத்திலிருந்தோ நியூ ஜல்பைகுரி ரயில் நிலையத்திலிருந்தோ மெல்லி, ஜோரெதாங் வழியாகப் பெல்லிங் சென்றுசேர ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். வழியில் தீஸ்தா ஆற்றை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 10 நிலச்சரிவுக்குப் பேர்போனது. 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் அதைப் பல இடங்களில் சிதைத்தது. அதனால் உள்ளூர் ஓட்டுநரையே அமர்த்துங்கள், இரவுப் பயணத்தைத் தவிருங்கள், ஊர் திரும்பும் பயணச்சீட்டுக்கு முன் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

கேள்வி: கஞ்சன்ஜங்காவில் ஏறியவர்கள் அதன் உச்சியை மிதிக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மைதான். 1955 மே 25 அன்று நேபாளப் பக்கமிருந்து முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் இருவரும், சிக்கிம் அரசருக்கு அளித்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டார்கள். சிக்கிம் மக்களுக்கு அந்த மலை காவல் தெய்வம். பின்னர் வந்த பலரும் அந்த மரபைப் பின்பற்றியதை மலையேற்ற வரலாற்றின் மிகக் கண்ணியமான செயல்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். சிக்கிம் பக்கமிருந்து ஏறுவதற்கு இப்போது அனுமதி கிடையாது. அந்தத் தெய்வத்துக்கு எடுக்கும் பாங் லாப்சோல் விழா பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வருவதால், விழாவைக் காணச் செல்பவர்கள் சிகரத்தைக் காண வேறொரு பருவத்தில்தான் மறுபடி செல்ல வேண்டியிருக்கும்.