டொராண்டோ டவுன்டவுனில் பழைய காண்டோ: எப்போது வாங்கலாம்?

பழைய காண்டோ (அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்தமாக வாங்கும் வீடு) வாங்க, விலை இன்னும் இறங்கட்டும், வட்டி குறையட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். 1990களில் கட்டிய கட்டடம் என்றால் நான் முதலில் பார்ப்பது மார்க்கெட்டை அல்ல, அந்தக் கட்டடத்தின் கஜானாவை. லிஃப்ட், ஜன்னல், பார்க்கிங் கூரை எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேய்ந்துபோகும் வயது அது. பெரிய பழுதுகளுக்கென்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்த்து வைக்கும் ரிசர்வ் ஃபண்டில் பணம் போதவில்லை என்றால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று ஒரு பெரிய தொகை உங்கள் தலையில் வந்து விழும். பெரிய வேலை முடிந்து, அதற்கான பணமும் கட்டி முடிந்த பிறகு வாங்குவதுதான் என் கணக்கில் நல்ல நேரம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள, கட்டடத்தின் பண நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் சர்டிபிகேட்டை நிர்வாகத்திடம் கேளுங்கள். 100 டாலர்தான், கேட்டால் 10 நாளுக்குள் தர வேண்டும். வக்கீல் அதைப் படித்துச் சரி என்ற பிறகே வாங்குவேன் என்ற நிபந்தனையோடு ஆஃபர் போடுங்கள், ஏனென்றால் பில்டரிடம் புதிதாக வாங்குபவருக்குக் கிடைக்கும் 10 நாள் மனம்மாறும் உரிமை ரீசேலில் கிடையாது.

அப்புறம், சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஆரஞ்சு, நீல நிறக் குழாய் தெரிந்தால் அது கைடெக் என்ற பிராண்டு தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். 1990களின் நடுவிலிருந்து 2007 வரை போட்டார்கள். இணைப்புகள் அரித்துக் கசியும், இன்சூரன்ஸ்காரர்களும் முகம் சுளிப்பார்கள். மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

மெயின்டனன்ஸ் கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பழைய கட்டடங்களில் பலவற்றில் கரண்ட் பில்லும் அதற்குள்ளேயே அடக்கம்.