விறைப்பு கிறீம்: நீங்கள் கேட்டதும் நான் சொல்றதும்

இந்தமுறை வந்ததில பாதிக் கேள்வி விறைப்பு கிறீம், அதுதான் நோ தெரியாமல் தோலை மரக்கப் பண்ணுற பூச்சு மருந்து, அதைப் பற்றித்தான், அதால அதையே எடுக்கிறன்.

கேள்வி: பூசி கால் மணித்தியாலத்தில மரு எடுத்தவை, நல்லா நொந்தது. கிறீம் பழசோ? (வவுனியா)

நேரம் காணாது. லிக்னோகெயினும் பிரிலோகெயினும் 2.5 வீதப்படி கலந்த கிறீம் எண்டால் தடிப்பாப் பூசி மூடி ஒரு மணித்தியாலம் விடவேணும். தேய்க்க வேண்டாம். தோல் வெளிறும், சிலருக்குச் சிவக்கும், அதுக்குப் பயப்பட ஒண்டுமில்லை.

கேள்வி: மயிர் எடுக்கிற லேசருக்கு வீட்டிலயே ரெண்டு காலுக்கும் பூசி பொலித்தீன் சுத்திக்கொண்டு வரச் சொல்லினம். செய்யலாமோ? (கிளிநொச்சி)

வேண்டாம் தங்கச்சி. இது தோலோட நிக்கிற மருந்தில்லை, ரத்தத்துக்குள்ள போகும், இடம் பெரிசாக, நேரம் கூட, இறுக்கி மூட, சூடு பட இன்னும் கூடப் போகும், நீங்கள் எங்கட வெயிலுக்க பஸ்ஸில வேற வரப்போறீங்கள். அமெரிக்காவில இதே மாதிரி லேசருக்கெண்டு காலில பூசிச் சுத்தின ரெண்டு இளம் பெண்கள் வலிப்பு வந்து செத்தே போச்சினம், பாமசியில கலந்து குடுத்த கடும் கிறீம் அது, 2007ல அங்கத்தை மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டது. வாயைச் சுத்தி விறைச்சால், நாக்கில இரும்பு ருசி வந்தால், காது இரைஞ்சால், தலை சுத்தினால் உடனே துடைச்சுக் கழுவிப்போட்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

கேள்வி: நாலு மாசப் பிள்ளைக்குக் காது குத்தப் பூசலாமோ?

டொக்டரைக் கேக்காமல் பூசாதேங்கோ. பிரிலோகெயின் கைக்குழந்தையளின்ர ரத்தம் ஒக்சிசன் காவுறதைக் கெடுக்கலாம், சொண்டு நீலமாகும், சல்பா (ஒருவகைக் கிருமிகொல்லி) மருந்து குடிக்கிற பிள்ளைக்கு அறவே கூடாது. 3 மாசத்தில இருந்து ஒரு வயசு வரைக்கும் மொத்தமா 2 கிராமுக்கு மேல போகக்கூடாது. காதுக்குள்ளயும் வழியவிடக் கூடாது, பிள்ளை தொட்டு நக்கவும் விடக்கூடாது.

கேள்வி: 2009ல சண்டையில பட்ட செல் பீஸ் (குண்டுச் சிதறல்) முழங்கைக்குக் கீழ தட்டுப்படுது. கிறீம் பூசி பிளேட்டால நானே எடுக்கலாமோ? (புதுக்குடியிருப்பு)

அண்ணை, உந்த வேலை மட்டும் வேண்டாம். ஒரு மணித்தியாலம் விட்டாலும் கிறீம் 3 மில்லிமீற்றர் ஆழந்தான் விறைக்கும், ரெண்டு மணித்தியாலம் விட்டால் 5, அதுக்குக் கீழ வெட்டினால் உயிர் போற நோ. கைக்குத் தட்டுப்படுறது நுனியாத்தான் இருக்கும், மிச்சம் நரம்போடயோ ரத்தக் குழாயோடயோ கிடக்குதோ எண்டு எக்ஸ்ரே பாக்காமல் ஆருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி சேர்ஜிக்கல் கிளினிக்கில காட்டுங்கோ, எடுக்கிறதெண்டால் விறைப்பூசி போட்டு எடுப்பினம், ஏற்பூசியும் (டெட்டனஸ் தடுப்பூசி) கேளுங்கோ. நோகாமல் சும்மா கிடக்கிற பீஸை விட்டிட்டு இருக்கச் சொல்லவும் கூடும், அதுவும் சரிதான். எப்பவாவது எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் உள்ளுக்க இரும்பு கிடக்குதெண்டு முதலே சொல்லிப்போடுங்கோ.

கேள்வி: மிஞ்சின ரியூப்பைச் சொறிஞ்ச புண்ணுக்குப் பூசலாமோ?

கூடாது. உடைஞ்ச தோலால மருந்து கெதியா உள்ளுக்குப் போகும்.