மீன் பெட்டிக்குள் ஒட்டும் நிறத்தாளை வாங்கலாமா?

கேள்வி: நந்திக்கடல் இறாலும் கரையில் வாங்கும் மீனும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கிளிநொச்சிச் சாப்பாட்டுக்கடைகளுக்கு அனுப்புகிறேன். பெட்டி மூடியின் உள்ளே ஒட்டினால், மீன் பழுதாகும்போது நீலத்திலிருந்து பச்சையாக மாறும் தாள் என்று ஒருவர் கொண்டுவந்து காட்டுகிறார். பூச்சாயத்தில் செய்ததாம். வாங்கலாமா? வேலியில் பூக்கும் நீலக் காக்கணத்தில் நானே செய்யலாமா? (வட்டுவாகல் வாசகி)

பதில்: வாங்காதீர்கள், தங்கச்சி. விருப்பமென்றால் நீங்களே செய்யுங்கள். ஆனால் அதை நம்பி ஒரு பெட்டியையும் அனுப்பாதீர்கள்.

விசயம் பொய்யில்லை. மீனில் பற்றீரியா பெருகும்போது அமோனியா, டிரைமெதிலமீன் போன்ற காரத்தன்மையுள்ள (சுண்ணாம்பு போல, புளிக்கு எதிரான) ஆவிகள் கிளம்பும். பழைய மீனின் நாற்றம் அதுதான். நீலக் காக்கணத்தில் இருக்கும் அந்தோசயனின் என்ற சாயம் புளி பட்டால் ஊதாவாகும், காரம் பட்டால் பச்சையாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டுச் சிவக்கிறதே, அதே வேலைதான்.

வந்தவர் உங்கள் கண்முன் ஒரு தாளைத் தேசிக்காய்ப் புளியிலும் இன்னொன்றை அப்பச்சோடாத் தண்ணீரிலும் தோய்த்துக் காட்டியிருப்பார். அதை உங்கள் வேலிக் காக்கணப் பூவே செய்யும். உங்கள் பெட்டிக்குள், உங்கள் இறாலுக்கு, எவ்வளவு பழுதானபின் தாள் மாறும்? அதை ஆய்வுகூடத்தில் அளந்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். பேச்சை மாற்றுவார். வெயிலில் வைத்த தாளின் சாயம் வெளிறிவிடும் என்பதையும் சொல்லமாட்டார். இன்னொன்று, தாள் ஒட்டிய பெட்டியைத் திறந்த தரகர், “கொஞ்சம் பச்சை அடிக்குது” என்று சொல்லியே விலையைக் குறைப்பார். உங்கள் காசில் அவருக்கு ஏன் ஒரு சாட்டுச் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள்?

சூரையைப் பற்றித்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சூரை, கும்பளா போன்ற மீன்கள் சில மணித்தியாலம் சூட்டில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது ஆவியாகாது. ஆவியாகாததைத் தாள் எப்படிப் பிடிக்கும்? மீன் பார்வைக்கு நல்லாயிருக்கும், மணமும் வராது, தாளும் நீலமாகவே இருக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலையிடி வந்து, உடம்பு தடித்து, சத்தியும் எடுக்கும். பிறகு ஐஸில் வைத்தாலும் உண்டான ஹிஸ்டமின் போகாது. கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. அதனால் சூரைப் பெட்டியில் இந்தத் தாளை ஒட்டவே வேண்டாம். ஏற்றுமதிக்குப் போகும் சூரைக்கு ஹிஸ்டமின் பரிசோதனை உண்டு. எங்கள் சந்தைக்கு வரும் சூரையை யார் பார்க்கிறார்கள்? கூட்டம் வைத்துப் படம் காட்டுகிறவர்கள், கரையில் மீன் வாங்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு வெப்பமானி கொடுக்க ஏன் யோசிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

செய்து பார்க்கிறதென்றால், பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்து, வடிதாளைத் தோய்த்து நிழலில் உலர்த்துங்கள். இருட்டான போத்தலில் மூடி வையுங்கள். ஒட்டும்போது மீனோ ஐஸ் தண்ணீரோ தாளில் படக்கூடாது. பச்சையானால் அந்தப் பெட்டி விற்பனைக்கில்லை. நீலமாக இருந்தால், அதை வைத்து எதையும் முடிவெடுக்காதீர்கள். கண், செவுள், மணம் மூன்றையும் வழமைபோலப் பாருங்கள்.

தாளுக்கு வைத்த காசுக்கு ஐஸ் வாங்குங்கள். 0 பாகையில் கெடும் வேகத்தைவிட 5 பாகையில் மீன் இரண்டு மடங்குக்கு மேலும், 10 பாகையில் நான்கு மடங்கும் வேகமாகக் கெடும். மீனின் நிறைக்குச் சம நிறை ஐஸ் போடுங்கள். அடியில் ஒரு படை ஐஸ், பிறகு மீன், மேலே மறுபடி ஐஸ். உருகிய தண்ணீர் வெளியேறப் பெட்டியின் அடியில் ஒரு துளை இருக்கட்டும். கரையில் கைமாறிய உடனேயே ஐஸ் போடுங்கள். சூரை என்றால் லொறி வரட்டும் என்று ஒரு மணித்தியாலம்கூடக் காத்திருக்காதீர்கள்.