பி பிளாக் 12 வந்தது, ஏ பிளாக் 12 எங்கே?

கேள்வி: எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்துக்காக ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் கருவி) மெயின்டனன்ஸ் கணக்கு எழுதுகிறேன். நான்கு பிளாக், ஒவ்வொன்றிலும் வீட்டு எண் 1-இல் தொடங்கும். வீட்டு எண்ணை ப்ரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் கீ) ஆக்கினேன். பி பிளாக் 12-ஐ ஏற்றியதும் ஏ பிளாக் 12 காணாமல் போய்விட்டது. பிளாக், எண் இரண்டையும் சேர்த்து ஒரே கீ ஆக்கலாமா?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: ஏ பிளாக்காரர் இன்னும் சண்டைக்கு வரவில்லையா? சேவ் செய்யும்போது அதே கீ ஏற்கெனவே இருந்தால் ஜாங்கோ பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும், எர்ரர்கூட வராது.

சேர்த்து ஆக்கலாம். சுமார் இருபது வருஷமாக ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்த காம்போசிட் ப்ரைமரி கீ, அதாவது பல ஃபீல்டுகள் சேர்ந்த கூட்டுக் கீ, 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்பில் ஒருவழியாக வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். மாதாமாதம் போடும் பில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டோடு சேர வேண்டும், 5.2-இல் இப்படிக் கூட்டுக் கீ வைத்த மாடலுக்கு (ஜாங்கோவில் ஒரு டேபிளின் வரையறை) ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளிலிருந்து அதைச் சுட்டும் இணைப்பு, கொடுக்கவே முடியாது. ஜாங்கோவோடு வரும் நிர்வாகத் திரையான அட்மினிலும் அந்த மாடலைப் பதிய முடியாது, அப்புறம் உங்கள் பொருளாளர் எந்தத் திரையில் வீட்டு விவரத்தைத் திருத்துவார்? ஏற்கெனவே இருக்கிற பழைய டேட்டாபேஸில் இரட்டைக் கீ இருந்து, அதைத் தொடக்கூடாது என்றால் மட்டும் இது கைகொடுக்கும்.

ஜாங்கோ தானாகப் போடும் ஐடியே ப்ரைமரி கீயாக இருக்கட்டும். மாடலுக்குள் இருக்கும் மெட்டா பகுதியில் பிளாக், எண் இரண்டுக்கும் சேர்த்து ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (அதே ஜோடி இரண்டாம் தரம் வராமல் தடுக்கும் விதி) போடுங்கள். நாளைக்கே பொதுக்குழு கூடி ஏ பிளாக்குக்குக் குறிஞ்சி என்று பெயர் வைத்தாலும் (வைப்பார்கள்!) பில் எதுவும் அசையாது. பெயரே கீயாக இருந்தால், மாற்றி சேவ் செய்ததும் பழைய பதிவு அப்படியே இருக்க, இன்னொரு பதிவு புதிதாக முளைக்கும்.

ஒன்று கவனம்: பிளாக் ஃபீல்டில் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) அனுமதிக்காதீர்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமமில்லை, அதனால் எந்த பிளாக்கிலும் சேராத வாட்ச்மேன் அறையை இரண்டு தரம் ஏற்றினாலும் கன்ஸ்ட்ரெய்ன்ட் வாயைத் திறக்காது. அதற்கு 'பொது' என்று ஒரு பிளாக் வைத்துவிடுங்கள்.

கொஞ்சம் வீடுகள்தானே, மைக்ரேஷனோடு (இருக்கிற டேபிளின் அமைப்பை மாற்றும் வேலை) மல்லுக்கட்டாமல் டேபிளைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். அழிந்த ஏ பிளாக் 12-ஐ ரசீது புத்தகத்தைப் பார்த்துக் கையால்தான் சேர்க்க வேண்டும்.