பிசியோதெரபிக்கு அரசு மருத்துவமனைத் தேதிக்காகக் காத்திருக்கலாமா, தனியாரில் போகலாமா?

மூன்று வாரமாகக் கீழ்முதுகில் வலி, அது இடது கெண்டைக்கால் வரை இறங்குகிறது, மருத்துவர் ‘டிஸ்க்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) பிரச்சினை என்று சொல்லிவிட்டார், அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது, காத்திருப்பதா கைக்காசு போட்டுத் தனியாரிடம் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். அரசுத் துறையிலும் இருந்திருக்கிறேன், தனியார் கிளினிக்கிலும் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்துச் சங்கதியும் ஓரளவு தெரியும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அரசுத் தேதியை விட்டுவிடாதீர்கள். தனியாரில் ஒரு முறை போய் முழுசாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போதே ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உட்காரும்போது தரையில் படும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது, சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றும் வராமல் இருப்பது, மலம் தெரியாமல் போய்விடுவது, இரண்டு காலும் பலம் இழப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் அவை. தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு தங்கிவிடலாம். குதிகாலால் நடக்க முடியாமல் பாதம் தொங்கிப்போனாலும் பிசியோவுக்கு வரிசையில் நிற்காமல் மருத்துவரை உடனே பாருங்கள். எங்களிடம் வந்தாலும் நாங்கள் அங்கேதான் அனுப்புவோம்.

இப்போது காத்திருக்கும் கதைக்கு வருவோம். சில நிலைமைகளில் நாள் தள்ளிப்போனால் இழப்பது திரும்பக் கிடைக்காது. விரலில் தசைநாண் அறுந்து தைத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்ளேயே கட்டுப்பாடான அசைவு தொடங்க வேண்டும். விட்டால் நாண் சுற்றுத் திசுவோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காக வீட்டில் சொந்த யோசனையில் மடக்கிப் பார்த்தால் தையல் அறுந்துவிடும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு முதல் சில வாரங்கள்தான் எல்லாம். எல்லோரும் கால் எவ்வளவு மடங்குகிறது என்றே பார்ப்பார்கள், முழுசாக நீட்ட முடிகிறதா என்பதைக் கவனிக்க மாட்டார்கள். நீட்டல் குறைந்துபோனால் நடையே கோணலாகும். மூட்டு இறுகிவிட்டால் மயக்க மருந்து கொடுத்து வளைத்துவிட வேண்டிய நிலைகூட வரும். பக்கவாதத்தில் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது. கைக்குழந்தையின் கழுத்து ஒரு பக்கமே சாய்ந்திருந்தால், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் முடியும். இவர்களெல்லாம் இரண்டு மாதத் தேதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. முதலில் அறுவை செய்த பிரிவிலேயே போய்க் கேட்க வேண்டும், நடக்கவில்லை என்றால் தனியாரில் தொடங்கிவிட வேண்டும்.

உங்கள் நிலைமை அந்த வகை இல்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பில் படுவதால் காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலானோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் நன்றாகக் குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்வதும் அடிக்கடி நடப்பதுதான். இதில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்று இருக்கிறது. நான்காவது வாரம் என்னிடம் வந்து எட்டாவது வாரம் குணமாகிப் போகிறவர் எனக்குக் கும்பிடு போடுவார். அதில் பாதிக் கும்பிடு காலத்துக்குச் சேர வேண்டியது. சிகிச்சையால் வலி தாங்கும்படி ஆகும், பயம் போகும், மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளப் பழகலாம். அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் தினமும் போனால் டிஸ்க் இரண்டு மடங்கு வேகத்தில் ஆறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முழங்கால் ஜவ்வு விஷயத்திலும் ‘உடனே செய்யாவிட்டால் போச்சு’ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பக்க ஜவ்வு கிழிந்த சுறுசுறுப்பான இளைஞர்கள் 121 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, பிறகு பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு முதலில் முறையான பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிற்பாடு அறுவை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது முழங்காலின் நிலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் சும்மா காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, தனியாரில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது என்ன? ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் உங்களைப் பார்ப்பது, கதையை முழுசாகக் கேட்பது, வேலை நேரத்துக்கு வெளியே வர முடிவது. இதற்குக் கொடுக்கலாம். அரசில் கிடைக்காதது பெரும்பாலும் இதுதான்: போகும் நாளெல்லாம் வேறு முகம், கால் மணி நேரம், அடுத்தவர் கதவருகே நின்றுகொண்டிருப்பார். திறமையில் குறைச்சல் இல்லை. சிக்கலான கேஸ்களை அதிகம் பார்த்த கைகள் பல நேரம் அங்கேதான் இருக்கின்றன. சந்தேகம் என்றால் அறுவை மருத்துவரும் அதே கட்டடத்தில் இருப்பார்.

கொடுக்கக்கூடாதது மெஷினுக்கு. ‘கரன்ட் வைக்கிறது’, அல்ட்ராசவுண்ட், இடுப்பைக் கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் இவையெல்லாம் பல கிளினிக்குகளின் அன்றாடம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலில் அல்ட்ராசவுண்ட், டென்ஸ் எனப்படும் மின்தூண்டல், டிராக்‌ஷன், இடுப்புப் பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிப் புரியவைப்பதையும் பரிந்துரைக்கிறது. பிறகு ஏன் மெஷின் ஒழியவில்லை? மெஷினை மாட்டிவிட்டால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நான்கு படுக்கையைப் பார்த்துக்கொள்ளலாம், பயிற்சி சொல்லிக்கொடுத்தால் ஒருவரைத்தான் பார்க்க முடியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் யாரையும் பத்து சிட்டிங்குக்குக் குறைவாக எழுதக்கூடாது என்பது எழுதாத விதி. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே அந்த எண்ணிக்கை முடிவாகியிருக்கும். (அரசிலும் மெஷின் மோகம் உண்டு, அங்கே அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.)

எனவே முதல் நாளே பேக்கேஜ் பேசுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை முறை வர வேண்டும், எந்த மாற்றம் தெரிந்தால் நிறுத்தலாம், மாற்றமே இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் போக வேண்டாம். ஸ்கேனைக் காட்டி ‘பல்ஜ்’, அதாவது டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, என்று பயமுறுத்துகிறவரிடமும் உஷாராக இருங்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. அவர்கள் எல்லோரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

தேதியை முன்னால் கொண்டுவரவும் வழி உண்டு. பல இடங்களில் பரிந்துரைக் கடிதத்தைப் பார்த்துத்தான் யார் அவசரம் என்று பிரிப்பார்கள். அதில் ‘முதுகு வலி’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் கடைசியில்தான் நிற்பீர்கள். கால் பலம் குறைந்திருக்கிறதா, ராத்திரி தூக்கம் போகிறதா, வேலைக்குப் போக முடியவில்லையா, உண்மையில் இருப்பதை விவரமாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். யாராவது வராமல் போனால் அழையுங்கள், உடனே வருகிறேன் என்று பதிவு செய்யும் இடத்தில் சொல்லி வையுங்கள். அப்புறம், தனியாரில் காட்டினால் உங்கள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் இருக்கும் வாரங்களில் படுத்தே கிடக்காதீர்கள். தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல முறை நடங்கள். வீடியோ பார்த்துப் பத்துப் பயிற்சி செய்வதைவிட உங்களைப் பரிசோதித்தவர் சொன்ன இரண்டைத் தவறாமல் செய்வது மேல். பலம் கூட வாரங்கள் ஆகும் என்பதால் நாலாம் நாள் பலன் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பயிற்சி பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி: காலில் இருந்த வலி மேலே ஏறி முதுகுக்குள் அடங்கினால், முதுகில் கொஞ்சம் கூடினாலும், அது நல்ல திசை. கெண்டைக்காலில் இருந்தது பாதத்துக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

தனியாரில் பரிசோதித்த விவரத்தை, முதல் நாள் கால் எவ்வளவு தூக்க முடிந்தது, எங்கே மரத்திருந்தது என்பது உட்பட, எழுத்தில் வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள். அரசுத் தேதியன்று அதைக் காட்டினால் முதல் சந்திப்பு பழைய கதை கேட்பதிலேயே போகாது. அதற்குள் வலி நின்றுவிட்டால் சில நாள் முன்பே போன் செய்து ரத்து செய்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு இன்னொருவரைக் கூப்பிடுவார்கள்.