குளத்தங்கரையில் பனியாற்று நூதனசாலை: செப்டெம்பரில் அளந்த படத்தை நம்பலாமா?

கேள்வி: தம்பலகாமம் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தை ஒட்டி அப்பாவின் பெயரில் அரசு தந்த அரை ஏக்கர் பெர்மிற் காணி இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. நோர்வேயில் இருக்கும் அண்ணர் அங்கே ஃபியார்லாந்து என்ற ஊரில் உள்ள பனியாற்று நூதனசாலையைப் பார்த்திருக்கிறார். அதைப் போலச் சின்னதாக ஒன்றும், ஊர்ச்சனம் பின்னேரம் வந்து இருக்க ஒரு திறந்தவெளியும் அப்பாவின் நினைவாகக் கட்டித் தருவேன் என்கிறார். கொழும்பிலிருந்து ஒருவர் செப்டெம்பரில் வந்து அளந்து படம் தந்திருக்கிறார். வெள்ளைச் சாய்வுச் சுவர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே குளிரூட்டிய பனி அறை, குளக்கட்டை வெட்டித் தண்ணீருக்குள் இறங்கும் படிகள். அனுமதி எல்லாம் தானே எடுத்துத் தருவாராம், முற்பணம் ஐந்து லட்சம். ஞாயிற்றுக்கிழமை காசுக்கு வருகிறார். கொடுக்கலாமா?
கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: கொடுக்காதீர்கள். படம் நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்ப்போம். 'அனுமதி எடுத்துத் தருகிறேன்' என்று முற்பணம் கேட்பவர் விற்பது தன் கையில் இல்லாத சரக்கு. முன்பு ஒரு பெரியவர் இப்படி மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய அனுமதிக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கடிதத்தில் குளத்தின் பெயர் மட்டும் மற்ற எழுத்துகளை விடக் கொஞ்சம் சரிந்து நின்றது. வேறு யாருக்கோ வந்த கடிதத்தில் வெள்ளை மை பூசி, பெயரை மாற்றி, போட்டோக்கொப்பி எடுத்திருக்கிறார்கள். பெரியவருக்குக் கண்பார்வை குறைவு. அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, படத்துக்கு வருவோம். செப்டெம்பரில் அளந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். செப்டெம்பரில் நம் குளங்களில் என்ன இருக்கும்? சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து அலைகரை வெடித்துக் கிடக்கும். நடுவில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் எருமை. அந்த நேரம் வந்தவர் 'நீரோரம்' என்று கோடு போட்ட இடத்தில் தை மாதம் போய் நின்றால் ஆளை மூடும். அவர் வரைந்த இருக்கைகளும் விளக்குக் கம்பங்களும் தண்ணீருக்குள் நிற்கும். குளத்தங்கரையில் கட்ட நினைப்பவர் அந்த இடத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும், தண்ணீர் வற்றிய செப்டெம்பரில் ஒருமுறை, வான் (குளம் நிறைந்தால் மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி) பாயும் மார்கழி, தையில் ஒருமுறை. மழையில் நனைந்து குளம் பார்க்க வராத கட்டடக் கலைஞரிடம் குளத்தங்கரை வேலையைக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் எதுவரை ஏறும் என்று கண்டுபிடிக்கக் கொழும்பு ஆள் தேவையில்லை. உங்கள் ஊர் மேசனிடம் ரியூப் லெவல் இருக்கும். உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்ரிக் குழாய்தான் அது. குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை வானின் மேல்விளிம்பில் பிடியுங்கள். மறு நுனியை ஒரு கட்டையோடு சேர்த்துக் காணிப் பக்கம் பிடியுங்கள். இந்த நுனியில் தண்ணீர் வான் விளிம்போடு சரியாக நிற்கும்போது, அந்த நுனியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு. பிறகு அந்தக் கட்டையிலிருந்து அடுத்த கட்டை, அதிலிருந்து அடுத்தது என்று காணிவரை வாருங்கள். குளம் நிறைந்தால் தண்ணீர் நிற்கும் மட்டம் அதுதான். ஆனால் வான் பாயும்போது தண்ணீர் அதற்கும் மேலே நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் எதுவரை வந்தது என்று வயல்காரர் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரில் யார் கூடச் சொல்கிறாரோ அவரை நம்பி, அதற்கு மேலே முழ உயரம் விட்டுத் தரைமட்டம் வையுங்கள்.

அடுத்தது குளக்கட்டை வெட்டும் படிகள். இதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. வரப்பில் நண்டு வளை ஒன்று விட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். குளக்கட்டு என்பது அடித்து இறுக்கிய மண். அதை வெட்டிக் கொங்கிறீற் பதித்தால் கொங்கிறீற்றுக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் வழி தேடும். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளம் உடைத்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பாரவாகனங்கள் கட்டின் மேல் ஓடியதும் காரணமாகச் சொல்லப்பட்டது. தம்பலகாமத்து ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை, கொழும்பிலிருந்து வந்தவருக்குத்தான் யாரும் சொல்லவில்லைப் போல.

இங்கேதான் உங்கள் அண்ணரின் ஆசைக்கும் நம் ஊருக்கும் உள்ள உண்மையான தொடர்பு இருக்கிறது. பனியாறு என்பது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனித்திரள். அது நகரும்போது கல்லையும் மண்ணையும் சுமந்துவந்து தன் முனையில் கொட்டும். பனி பின்வாங்கிய பிறகு அந்தத் திட்டு, மொரேன் என்பார்கள், குறுக்கே நின்று உருகிய தண்ணீரைத் தேக்கும். அப்படி உண்டான ஏரிகள் இமயமலையில் ஏராளம். அதுவும் ஒரு குளக்கட்டுத்தான், ஆனால் யாரும் இறுக்காத கட்டு. 2023 ஒக்டோபரில் சிக்கிமின் தென் லோனாக் ஏரிக் கரை உடைந்து, கீழே தீஸ்தா ஆற்றில் இருந்த பெரிய அணைக்கட்டையே அடித்துக்கொண்டு போனது. பனி கட்டிய கட்டு, மனிதன் கட்டிய கட்டு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வயல்காரர் ஒருவர் நின்று பார்ப்பார். உங்கள் நூதனசாலைக்கு முக்கியக் காட்சிப்பொருள் ஏற்கெனவே கட்டி முடிந்து கிடக்கிறது. அதில் கை வைக்காமல், அதைப் பார்க்கிற மாதிரிக் கட்டடத்தைக் காணிக்குள் தள்ளி வையுங்கள்.

வெள்ளைச் சுவர் விஷயம். ஃபியார்லாந்து நூதனசாலை வெள்ளை இல்லை. 1991இல் திறந்தது, ஸ்வெரெ ஃபென் என்ற நோர்வேக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, சாம்பல் நிறக் கொங்கிறீற். பனியாறு அரைத்துக் கொட்டிய சமவெளியில், அதே கல்லின் நிறத்தில் தாழ்வாகக் கிடக்கிறது. வெளியே படியேறிக் கூரைக்குப் போய் மலையைப் பார்க்கலாம். அவர் பனிக்கட்டியைப் போலக் கட்டவில்லை, பனி விட்டுப்போன நிலத்தைப் பார்த்துக் கட்டினார். நீங்கள் எடுக்க வேண்டியது இதைத்தான். அயலில் சுட்ட செங்கல், நம் கருங்கல், கிறவல் நிறத்தில் பூச்சு, ஓட்டுக்கூரை. தூரத்தில் நின்று பார்த்தால் குளக்கட்டின் நீட்சி என்று தோன்ற வேண்டும். வெள்ளைச் சாயம் ஒரு மாரியில் பாசி பிடித்துவிடும்.

முன்பக்கக் கண்ணாடி பற்றி: வடக்குப் பக்கம் வெயில் வராது என்று ஐரோப்பியப் புத்தகங்களில் இருக்கும். திருகோணமலை நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நடுமத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே வடக்குக்கும் தெற்குக்கும் இரண்டுக்குமே அகலத் தாழ்வாரம் வேண்டும். மேற்கைக் கிட்டத்தட்ட மூடிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குச் சுவர் அடுப்பு. கண்ணாடிக்காரரிடமிருந்து வரைபவருக்குக் கொமிஷன் போகும் வழக்கம் உண்டு, எல்லாரும் இல்லை, ஆனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால் நான் சந்தேகப்படுவேன்.

பனி அறை வேண்டவே வேண்டாம். 2022 மார்ச் 31இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாளில் அந்த அறை என்ன ஆகியிருக்கும்? ஈரம், பூஞ்சணம், பிறகு பூட்டு. கரண்ட் பில்லை யார் கட்டுவது, அண்ணரா?

அதற்குப் பதில் நான் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பெரிய பிளாஸ்ரிக் வாளியின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஆற்றுமணலும் சல்லிக்கல்லும் போட்டு, தண்ணீர் நிரப்பி, கடையொன்றின் டீப் பிறீசரில் இரண்டு நாள் வைத்தோம். கண்காட்சி அன்று காலை, கட்டியை வாளியிலிருந்து கழற்றி, சரித்து வைத்த கருங்கல் பலகையில் மண்பக்கம் கீழே இருக்கும்படி வைத்தோம். பத்து மணிக்கு அடியிலிருந்து கலங்கிய தண்ணீர் ஓடத் தொடங்கியது. மத்தியானம் கட்டி மெல்லச் சறுக்கிக் கல்லைக் கீறியது. பின்னேரம் பனி போய்விட்டது. முனையில் கல்லும் சல்லியும் குவிந்த சின்னத் திட்டு, அதற்குக் கீழே மணல் விசிறிபோல் பரந்து கிடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அந்தத் திட்டைக் கையால் ஒதுக்கிக் கட்டி, 'குளம்' என்றது. மாதம் ஒரு ஞாயிறு இதைச் செய்தால் உங்கள் திறந்தவெளி தானாக நிறையும்.

ஒன்று மட்டும்: நம் ஊரின் உருண்டைப் பாறைகளைக் காட்டி 'பனியாறு கொண்டுவந்தது' என்று பலகை எழுதி வைக்காதீர்கள். அவை நின்ற இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் உரிந்து உருண்டவை. கடைசிப் பனிக்காலத்தில் இலங்கையில் பனியாறே இல்லை. பனி நம்மைத் தொட்டது கடல் வழியாக. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஏராளமான தண்ணீர் நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்ததால், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குநீரிணை தரை. இந்தியாவுக்கு நடந்தே போகலாம். ஒரு சுவரில் இந்த ஒரு படம் போதும், மற்றதை ஊர்ச்சனம் கதைக்கும்.

இனி அனுமதி. காணி பெர்மிற் காணி என்பதால் முதல் கதவு பிரதேச செயலகம். அப்பாவுக்குப் பின் யார் பெயருக்கு வருகிறது என்பதும், பயிருக்கோ குடியிருப்புக்கோ தந்த காணியில் நூதனசாலை கட்டலாமா என்பதும் அங்கேதான் எழுத்தில் முடிய வேண்டும். 'காணி உறுதிப்பத்திரம் எழுதித் தருகிறேன்' என்று யாரும் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். கட்டடப் படத்துக்குப் பிரதேச சபை.

குளம் யாருடையது என்பதுதான் சிக்கல். பொதுவாக 200 ஏக்கருக்கு உட்பட்டுப் பாய்ச்சும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதற்கு மேலென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். அதிலும் மத்திய அரசின் திணைக்களமா மாகாணத் திணைக்களமா என்று இரண்டு. முன்பு சிறு குளமாக இருந்து பிறகு திருத்திப் பெருப்பித்த குளமென்றால், ஒரு மேசை மற்ற மேசையைக் காட்டும், மற்ற மேசை 'அந்தக் கோவை இங்கே வரவில்லை' என்னும். இந்த அலைச்சலில் லாபம் பார்ப்பவர்கள் ஓட்டோக்காரரும் போட்டோக்கொப்பிக் கடைக்காரரும்தான். தரகர்களும் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் ஒன்று எழுதுங்கள். கேள்வி இரண்டே இரண்டு: இந்தக் குளம் எந்தத் திணைக்களத்தின் பொறுப்பு? குள ஒதுக்கின், அதாவது குளத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தின், எல்லை என் காணிப் பக்கம் எங்கே வருகிறது? தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிருவாக மொழி. தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் போகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால் தேத்தண்ணி கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். படத்தில் வான் மட்டம் எங்கே குறித்திருக்கிறது? தை மாதம் ஒருமுறை வருவீர்களா? இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால், வரைந்ததற்குரிய கூலியைப் பற்றுச்சீட்டோடு கொடுத்து மேலே பேசலாம். ரியூப் லெவல் பிடிக்கும்போது காற்றுக்குமிழி இருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள், ஒரு குமிழி நின்றாலும் கணக்குப் பிழைக்கும்.