கருவி மையத்தில் வேலை: தயங்கும் ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

"எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் படித்துவிட்டு, அடுத்தவர்கள் ஆராய்ச்சிக்கு மெஷின் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் வருத்தம் தெரிகிறது. உங்கள் கவலையில் ஒரு பாதி நியாயமானது; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்றொரு பாதி, அந்த வேலையை அருகில் பார்க்காததால் வந்தது.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு அளக்கும் (சில வகைகள் பிரிக்கவும் செய்யும்) ஃப்ளோ சைட்டோமீட்டர், செல்லை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கி, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்றவற்றின் விலை கோடிகளைத் தொடும். ஒவ்வொரு பேராசிரியரும் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே கூடத்தில் வைத்து, எல்லாரும் முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்திப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் இந்த ஏற்பாடு புதிதல்ல. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் இன்று 'சைஃப்' என்ற பெயரில் இயங்கும் பொதுக் கருவி மையம் அந்த வழியில் வந்ததுதான். உயிரியலுக்கென்றே பெங்களூருவில் 2009இல் சி-கேம்ப் என்ற மையம் அமைந்தது. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்ய 2020இல் ஐ-ஸ்டெம் இணையதளம் வந்தது. அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான 'ஸ்ரீமான்' வழிகாட்டு நெறிகள் 2022இல் வெளியாயின. கருவிகள் பொதுவாக ஆக ஆக, அவற்றை நடத்தத் தெரிந்தவர்களும் தேவைப்படுகிறார்கள்.

உங்கள் மகள் அங்கே என்ன செய்வார்? சைட்டோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். காலையில் லேசரைப் போட்டுச் சூடேற விடவேண்டும். பிறகு, அளவு தெரிந்த ஒளிரும் நுண்மணிகளை ஓடவிட்டு, நேற்றைய எண்ணோடு இன்றைய எண் ஒத்துப்போகிறதா என்று பதிவேட்டில் எழுதிப் பார்க்கவேண்டும். எண் சற்றே நகர்ந்திருந்தாலும் அன்றைய பயனாளர்கள் எல்லாருடைய முடிவும் நகர்ந்துவிடும். பத்து மணிக்கு ஓர் ஆய்வு மாணவர், செல்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்ட மாதிரியோடு வந்து நிற்பார். செல் பிரிக்கும் கருவியின் முனைத்துளை பெரும்பாலும் 70 அல்லது 100 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வடிகட்டாமல் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். மதியம் வரவேண்டிய மூன்று பேரின் நேரமும் போய்விடும். மனித இரத்த மாதிரி என்றால், அதில் தொற்று உண்டா இல்லையா என்று எழுதித் தந்தாரா என்று கேட்கவேண்டும். தரவில்லை என்றால், அவருடைய பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், மாதிரியைத் திருப்பி அனுப்பவேண்டும். பிரிக்கும்போது காற்றில் கிளம்பும் நுண்துளிகளைச் சுவாசிப்பவர் அந்தக் கருவியை இயக்குபவர் அல்லவா? அப்படி மறுத்துச் சொல்லும் தைரியத்தை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத் தருவதில்லை. உங்கள் மகளிடம் அது இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவரிடம் பேசியபோது எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

சில ஆண்டுகளில் மையத்தையே நிர்வகிக்கும் பொறுப்பு வரும்போது, வேலையின் பெரும்பகுதி கணக்காகிவிடும். நீங்கள் வங்கியில் இருந்தவர். உங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மணி நேரக் கட்டணம் என்ன? பராமரிப்பு ஒப்பந்தம், வேதிப்பொருள், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, கருவி ஓடும் மணி நேரத்தால் வகுக்கவேண்டும். உள்ளூர்ப் பயனாளருக்கு ஒரு விலை, பிற கல்வி நிறுவனங்களுக்கு ஒன்று, கம்பெனிக்கு அதைவிட அதிகம். கட்டணத்தை ஏற்றினால் ஆள் வரமாட்டார்கள். இறக்கினால், உத்தரவாதக் காலம் முடிந்த மறு ஆண்டே ஒப்பந்தம் போடப் பணம் இருக்காது. உறை போட்டு மூடிய கருவிகளை நம் கல்லூரிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, வாங்கப் பணம் கிடைத்து, பராமரிக்கப் பணம் கிடைக்காமல் நின்றுபோனவை. பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. அதனால் புள்ளியியலோடு டெண்டர் நடைமுறையையும், அரசு நிறுவனங்கள் கொள்முதல் செய்யும் 'ஜெம்' தளத்தையும் மகள் கற்றுக்கொள்ளட்டும். கணக்கு விஷயத்தில் நீங்களே நல்ல ஆசிரியர்.

இனி உங்கள் நியாயமான கவலை. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பது உண்மை. பல இடங்களில் ஆய்வுத் திட்டத்தின் நிதியில்தான் சம்பளம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை நான் மறைக்கமாட்டேன். மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் தொழில்நுட்ப உதவியாளர், தொழில்நுட்ப அலுவலர் என்ற நிரந்தரப் பதவிகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். அவற்றை விடாமல் கவனிக்கவேண்டும். முதல் வேலை ஒப்பந்த வேலையாக இருப்பதில் தவறில்லை. எந்த மையம் என்பதுதான் முக்கியம். ஒரே கருவியோடு தனியாக உட்காரவைக்கும் இடத்தைவிட, நான்கு கருவிகளும் மூத்த நிர்வாகி ஒருவரும் உள்ள இடத்தில் சம்பளம் குறைவாக இருந்தாலும் அங்கேயே போகச் சொல்வேன்.

பிஎச்.டி. வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கருவியை இயக்கவும் பயிற்சி தரவும் கட்டாயமில்லை. பெரிய மையத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வெளிநாட்டு வாய்ப்புகளுக்கும் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே தேசிய சுகாதார நிறுவனங்கள் 'எஸ்10' திட்டத்தில் கருவி வாங்க நிதி தரும்போது, அந்த அமைப்பின் நிதியில் ஆய்வு செய்யும் குறைந்தது மூன்று முதன்மைப் பயனாளர்களைக் காட்டச் சொல்கிறார்கள். மையங்களில் பணியாற்றுவோருக்கு 'ஏ.பி.ஆர்.எஃப்.' என்ற சங்கமும் இருக்கிறது. ஆனால் அதை நினைத்து இப்போதே பிஎச்.டி.யில் தள்ளிவிடாதீர்கள். இரண்டு ஆண்டு வேலை பார்க்கட்டும். எந்தக் கேள்விக்காக ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுப்பது என்று அதற்குள் அவருக்கே தெரியும்.

அடுத்த வாரம் நேர்காணல் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்டு வரச் சொல்லுங்கள்: சம்பளம் திட்ட நிதியிலிருந்தா, நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்தா? கருவிகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதி வரை இருக்கிறது? கருவி உற்பத்தியாளர் தரும் பயிற்சிக்கு ஊழியரை அனுப்புவார்களா? முடிந்தால் கருவிகளின் பயன்பாட்டுப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து வரட்டும். மாதக்கணக்கில் வெறுமையாக இருந்தால், மற்ற பதில்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே சேரவேண்டாம். பதில்களோடு எனக்கு எழுதுங்கள். ஒப்பந்த விதிகளைச் சேர்ந்து படித்துவிட்டுக் கையெழுத்திடலாம்.